கணக்குக் கேட்ட ஊர்

நாம் குடியேறி வாழும் பெங்களூரில் 1862 ஆம் ஆண்டில் இரு நகராட்சிகள் தோன்றின. ஒன்று பேட்டைக்கு; மற்றொன்று தமிழர் மிகுந்த தண்டுப் பகுதிக்கு. 1949 இல் இரண்டும் இணைந்து மாநகராட்சி ஆயிற்று. வரி செலுத்தினோம், அது சென்ற வழியை வினவினோமில்லை. "பிழைக்க வந்த நமக்கு இஃது எதற்கு?" என்று ஒதுங்கி நின்றோம்.

1994 இல் பொருளியல் அறிஞர் சாமுவேல் பால் ஒரு புதுமை செய்தார். குடிநீர், மின்சாரம், குப்பை முதலியன பற்றிக் குடும்பங்களைக் கேட்டறிந்து, பள்ளிப் பிள்ளைக்கு வழங்குவதுபோல் அலுவலகங்களுக்குத் தேர்ச்சி அறிக்கை வெளியிட்டார். மாநகராட்சியிடம் மனநிறைவு கண்டோர் நூற்றுக்கு ஐவரே! 1999 இலும் 2003 இலும் மீண்டும் அளந்தபோது நிலை உயர்ந்திருந்தது.

2002 இல் ஜனாக்கிரகா உள்ளிட்ட நான்கு அமைப்புகள், மூன்று மாதத்திற்கொருமுறை வரவு செலவை மக்கள்முன் வைக்குமாறு மாநகராட்சியைக் கோரின. கணக்கும் வந்தது, பொதுக் கூட்டத்தில் குடிமக்கள் கேள்வியும் கேட்டனர்.

இரயில் நிலையத்தில் நாம் விற்ற சீட்டோடு வசூலை ஒப்பிட்ட பின்னரே பெட்டியை மூடுகிறோம். ஒரு ரூபாய் குறைந்தாலும் விடை கூறியாக வேண்டும். அதனை யாரும் பகைமை என்று கருதுவதில்லை. ஊர்ப் பணத்திற்கும் அதுவே முறையன்றோ?

2025 இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. கேட்க வேண்டிய வாயில்களும் ஐந்தாயின. சாக்கடை அடைத்தால் நம் வீட்டிற்கும் கன்னட அண்டை வீட்டாருக்கும் துன்பம் ஒன்றே. அவர்களோடு சேர்ந்து பணிவுடனும் உறுதியுடனும் கணக்குக் கேட்போமாக. வரி கொடுப்பவன் விருந்தாளி அல்லன், இவ்வூர்க் குடிமகன்.