அம்மவீடும் தம்பிமாரும்

திருவனந்தபுரத்தில் நம்மூர்ப் பெயரில் ஒரு வீடு உண்டு. அருமனை அம்மவீடு. வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு அம்மவீடுகளையும் சேர்த்து மொத்தம் நான்கு. எல்லாமே நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள். திருவிதாங்கூர் மகாராஜாக்கள் இந்த வீடுகளில் பெண் எடுத்தார்கள். தர்மராஜா காலத்தில் தலைநகர் பத்மநாபபுரத்தை விட்டு வடக்கே போனபோது அம்மவீடுகளும் கூடவே போயின.

இப்படி வந்த பெண்ணுக்குப் பட்டம் 'பனப்பிள்ளை அம்மா'. ராணி என்று சொல்வதில்லை. ராணி என்றால் ராஜாவின் அம்மா, சித்தி, சகோதரி, சகோதரியின் மகள். இது தெரியாமல் சரித்திரம் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். சுவாதித் திருநாள் சிறுபிள்ளையாக இருந்தபோது நாட்டை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் அவருடைய சித்தி.

ராஜாவின் மகன் 'தம்பி', மகள் 'தங்கச்சி'. பெயரோடு சரி, அரியணை கிடையாது. அது சகோதரியின் மகனுக்கு. 1729-ல் ராமவர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். ராஜாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் எங்களுக்கே உரிமை என்று கிளம்பினார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். முடிவில் தம்பிமார் இருவரும் கொல்லப்பட்டார்கள், எட்டுவீடுகளும் அழிந்தன. சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நாவல் இந்தச் சண்டையைப் பற்றியதுதான். மருமகனையே நாயகனாக்கினார் அவர். அப்பன் ஆண்ட நாட்டைக் கேட்ட பிள்ளைகளை வில்லன்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

தம்பி என்று வந்தாலே ராஜா மகன் என்று எண்ணிவிடவும் கூடாது. தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் ராஜாவுக்குப் பிறந்தவர் அல்லர்.

பெயர்க் குழப்பம் ராஜாக்களிடத்தில் இன்னும் அதிகம். நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே லூயி மன்னர்களை எண் வைத்து மனப்பாடம் செய்தோம். பதினான்காம் லூயிக்குப் பின் வந்த பதினைந்தாம் லூயி அவருடைய பேரனின் மகன் என்பதை எண் சொல்லாது. கிரேக்கர் கதையில் ட்ராய் போருக்குப் போன அஜாக்ஸ் இரண்டு பேர். தெலமோன் மகன், ஒயிலியஸ் மகன் என்று அப்பன் பெயரால் பிரித்தார்கள். இங்கே அப்பன் பெயருக்கு இடமில்லாததால் பிறந்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1758 முதல் 1798 வரை ஆண்ட தர்மராஜா கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. 1860-ல் வந்தவர் ஆயில்யம் திருநாள் ராமவர்மா. 1880-ல் அவர் தம்பி விசாகம் திருநாள் ராமவர்மா. கூடப்பிறந்த அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பெயர்! இந்தத் 'தம்பி' மட்டும் நாம் வீட்டில் சொல்லும் தம்பி.