அப்பாவுக்கு பிஎஸ்ஏ 6: உடனே சிகிச்சையா, காத்திருக்கலாமா?

மூணாறிலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருக்கும் அப்பாவுக்கு ஹெல்த் செக்கப் புக் செய்கிறீர்கள். ரிப்போர்ட்டில் பிஎஸ்ஏ 6. வழக்கமான வரம்பான 4-ஐத் தாண்டியதால் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. உடனே கூகுள் பண்ணிப் பயந்துடாதீங்க.

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் புரதம். புற்றுநோய் இருந்தால் இது கூடும். வயதானதால் சுரப்பி பெரிதானாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும்கூட கூடும். 4 முதல் 10 வரை உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் பயாப்சியில் புற்றுநோய் தெரிகிறது. அதனால் சில வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை, பிறகு எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மட்டும் பயாப்சி.

எல்லா ஆண்களும் இந்த டெஸ்ட் எடுக்கணுமா? அமெரிக்க தடுப்பு மருத்துவக் குழு 2018-இல் சொன்னது: 55 முதல் 69 வயதுவரை டாக்டருடன் பேசி முடிவெடுக்கலாம், 70-க்கு மேல் வேண்டாம். அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது வந்திருந்தால் முன்னதாகவே பேசணும்.

புற்றுநோய் உறுதியானாலும், அது சுரப்பிக்குள்ளேயே இருந்தால் அவசரம் குறைவு. பிரிட்டனின் 'புரொடெக்ட்' ஆய்வு 1,643 பேரை அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்தது. 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் முறையே 2.2%, 2.9%, 3.1%. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோய் பரவியது கண்காணிப்பில் 9.4%, அறுவை சிகிச்சையில் 4.7%. மறுபக்கம், அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குச் சிறுநீர்க் கசிவும் பாலுறவுச் சிக்கலும் அதிகம். வீரியமான அல்லது பரவிய புற்றுநோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தாமதிக்கக் கூடாது.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, இடையில் எம்ஆர்ஐ, மறுபடி பயாப்சி. கொழிஞ்சாம்பாறைக்காரருக்குக் கோவை பக்கம்தான். இடுக்கியில் ரயிலே கிடையாது. மூணாறிலிருந்து கோட்டயமோ கொச்சியோ, குமுளியிலிருந்து தேனியோ, எங்கே போனாலும் மலைப்பாதைதான். கேரளத்தின் காருண்யா காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைத்தாலும், அது ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு. வெளிநோயாளிப் பரிசோதனைச் செலவு பொதுவாக நம் கையிலிருந்துதான். அறுவை சிகிச்சை 'மலிவாக'த் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்காணிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பலாமா? எடுப்பதானால் ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.