இந்தியா பேல் ஏல் ஜெயித்தது எப்படி?

ஒரு காலத்தில் பூந்தமல்லி ஆங்கிலேயரின் கண்டோன்மென்ட். அந்தக் காலத்தில் சென்னைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் குடித்த பீர், இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்தது. அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் பேல் ஏல், சிப்பாய்களுக்குக் கறுப்பு நிற போர்ட்டர்.

கடல் பயணத்தில் கெடாமல் இருக்க லண்டன் ஹாட்ஜ்சன் புதிதாகக் கண்டுபிடித்ததுதான் 'இந்தியா பேல் ஏல்' என்று பலர் சொல்வார்கள். அது வெறும் கதை, நண்பர்களே! போர்ட்டரும் கெடாமல்தான் வந்து சேர்ந்தது. வெப்ப நாடுகளுக்குப் போகும் பீரில் ஹாப்ஸ் பூவை அதிகம் சேர்க்க வேண்டும் என்பது 1760களிலேயே தெரிந்த விஷயம்.

பிறகு ஹாட்ஜ்சன் ஜெயித்தது எப்படி? கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால், அவருடைய பீர் ஆலையிலிருந்து அதிக தூரமில்லை. கப்பல் கேப்டன்களுக்கு 18 மாதம் வரை கடன் கிடைத்தது. இந்தியாவில் விற்றுவிட்டுத் திரும்பி வந்து பணம் கட்டினால் போதும்.

1820களின் தொடக்கத்தில் அவருடைய வாரிசுகள் கடனை நிறுத்திவிட்டு, இந்தியாவில் தாங்களே நேரடியாக விற்க இறங்கினார்கள். கம்பெனி சும்மா இருக்குமா? அதன் இயக்குநர் மார்ஜோரிபேங்க்ஸ் 1822இல் பர்ட்டன் ஊர் ஆல்சாப்பை அணுகினார். பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அதனால் ஹாப்ஸின் கசப்பு நாக்கில் பளிச்சென்று தெரியும். சந்தை பர்ட்டன் பக்கம் சாய்ந்தது.

பேல் ஏலை ரசிப்பவர்கள் இன்று அதன் செம்பு நிறத்தையும் பூ வாசத்தையும் கசப்பையும் பேசுகிறார்கள். ஆனால் இந்தியாவில் ஹாட்ஜ்சனின் பேல் ஏலை ஜெயிக்க வைத்தது சுவையைவிடக் கடன் வசதிதான்!