பனியோடு சென்ற கப்பல்

துருவக் கடலிலே பனிக்கட்டியோடு பொருது நொறுங்கிய கப்பல்கள் பல. 1881 ஆம் ஆண்டில் சைபீரியாவுக்கு வடக்கே அமிழ்ந்த ‘ஜீனெற்’ என்னும் அமெரிக்கக் கப்பலும் அவற்றுள் ஒன்று. மூன்று ஆண்டுகள் கழிந்தபின், அதன் சிதைவுகள் கிறீன்லாந்தின் தென்மேற்குக் கரையிலே கண்டெடுக்கப்பட்டன. துருவக் கடலின் பனியே மெல்ல நகர்ந்து அவற்றைச் சுமந்து வந்திருத்தல் வேண்டும் என்றார் நோர்வே நாட்டுப் பேராசிரியர் மோன். அவ்வாறாயின், உடையாத கப்பலொன்றையும் அப்பனி சுமந்து செல்லுமன்றோ? இங்ஙனம் எண்ணியவர் அந்நாட்டு அறிஞர் நான்சன். துருவப் பயணங்களிற் பழகியோர் பலர், இது தற்கொலைக்கு ஒப்பான முயற்சி என்றனர்.

நான்சனின் எண்ணத்துக்கு உருக்கொடுத்தவர் கொலின் ஆச்சர் என்னும் கப்பற் சிற்பி. 1892 ஆம் ஆண்டு ஒற்றோபர் 26 ஆம் நாள் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பலுக்குப் ‘பிராம்’ என்று பெயர். ‘முன்னோக்கி’ என்பது அதன் பொருள். நீளம் 39 மீற்றர். அகலமோ 11 மீற்றர். பக்கங்கள் உருண்டு திரண்டிருந்தமையால், நெருக்கும் பனி பற்றிக்கொள்ள இடமின்றி அடியில் வழுக்கிக் கப்பலை மேலே உயர்த்தும். சுக்கானையும் சுழல்விசிறியையும் உள்ளே தூக்கிக்கொள்ளலாம். ஆயினும் இவ்வமைப்பினால், திறந்த கடலிலே அது பெரிதும் உருண்டாடியது.

1893 ஆம் ஆண்டு பதின்மூவருடன் புறப்பட்ட பிராம், செப்டெம்பரிற் பனியில் உறைந்தது. 1895 ஆம் ஆண்டு சனவரியிற் பனிமேடுகள் கப்பலின் மேற் சரிந்தன. மாலுமிகள் இறங்கியோட ஆயத்தமாயினர்; கப்பலோ உடையாது மேலெழுந்தது. அவ்வாண்டு மார்ச்சில் நான்சனும் யொகான்சனும் நாய்வண்டிகளுடன் துருவம் நோக்கிச் சென்றனர். 86 பாகை 14 கலை வரை சென்றும் துருவம் எட்டாமையால் திரும்பினர். சுவேட்றுப் என்பாரின் தலைமையிலே கப்பல் பனியோடு நகர்ந்து, 1896 ஆம் ஆண்டு ஆகஸ்டில் விடுபட்டது. அம்மாதத்திலேயே நான்சன் நோர்வேக் கரை சேர்ந்தார். ஒரு வாரத்தின்பின் கப்பலும் வந்தது. பதின்மூவரும் உயிருடன் மீண்டனர். ஆழமற்றதெனப் பலர் கருதிய அக்கடல், மூவாயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுடையதென்பதும் தெரியவந்தது.

1898 முதல் 1902 வரை சுவேட்றுப் அதே கப்பலிற் சென்று, கனடாவுக்கு வடக்கேயுள்ள தீவுகளை ஆராய்ந்து படம் வரைந்தார். அப்பயணத்தில் இருவர் உயிர்நீத்தனர். 1910 ஆம் ஆண்டு வடதுருவம் செல்வதாகக் கூறிப் பிராமிற் புறப்பட்ட அமுண்ட்சன், மடெய்ரா தீவை அடைந்த பின்னரே தெற்கு நோக்கிச் செல்லும் தம் நோக்கத்தை மாலுமிகளுக்கு வெளியிட்டார். 1911 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆம் நாள் அவர் தென்துருவத்தை அடைந்தார்.

பின்னர் கவனிப்பாரின்றி உளுத்துக் கிடந்த கப்பலைக் காக்க முன்னின்றவரும் சுவேட்றுப்பே. அவர் 1930 ஆம் ஆண்டில் மறைந்தார். 1936 ஆம் ஆண்டில் ஒஸ்லோ நகரிலே பிராமுக்கென நூதனசாலை திறக்கப்பட்டது. பனியை எதிர்த்து வென்ற கப்பலன்று அது; பனியின் போக்கை அறிந்து அதனோடு சென்றமையாலேயே அழியாது மீண்ட கப்பல்.