செத்தவன் கால் மேல் கால் போட்டான்

"மாமா, இவன் செத்துட்டான்தானே? அப்புறம் எப்படிக் கால் மேல கால் போட்டுக்கறான்?"

அக்கா மகள் கேட்டாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஏதாவது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதன் உத்திகள் உண்மையை எப்படிக் காட்டுகின்றன என்று ஆராய்ந்து கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நான் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தாள். யோசிக்காமல் 1916இல் பிரிட்டனில் வெளியான 'தி பேட்டில் ஆஃப் தி சோம்' படத்தைப் போட்டேன். முதல் உலகப்போரின் சோம் தாக்குதலைக் களத்திலேயே படம்பிடித்த மௌனப்படம். அதிலிருந்து ஒரு துண்டைப் பல வருடம் வகுப்பில் காட்டியிருக்கிறேன். சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறி வெளியே பாய்கிறார்கள். ஒருவன் மட்டும் விளிம்பிலேயே அடிபட்டு, மண்சரிவில் வழுக்கி மறுபடி உள்ளே வருகிறான். அடுத்த ஷாட்டில் மற்றவர்கள் புகைக்குள் போகப்போக, இடையில் சிலர் விழுகிறார்கள். "பாருங்கப்பா, இது சினிமா இல்ல, நிஜம்" என்று சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்.

அவள் திரும்ப ஓட்டிக் காட்டினாள். விழுந்து கிடக்கிற ஒருவன், கொஞ்சம் வசதியாக இருக்கட்டும் என்பதுபோலக் காலை மாற்றிப் போட்டுக்கொள்கிறான். இத்தனை வருடம் நான் அதைப் பார்த்ததே இல்லை.

பிறகுதான் உட்கார்ந்து தேடினேன். எனக்குப் புதிதே தவிர, விஷயம் பழையது. இந்தப் படத்தைப் பாதுகாத்துவரும் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தைச் சேர்ந்த ரோஜர் ஸ்மிதர் 1990களிலேயே ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அந்தக் குழி போர்முனைக் குழி அளவுக்கு ஆழமில்லை. பாய்கிறவர்கள் முதுகில் தாக்குதலுக்குப் போகிறவர்களின் மூட்டை இல்லை. எல்லாவற்றையும்விட, கேமரா நிற்கிற இடம். கையால் சுற்றுகிற கேமராவை முக்காலியில் ஏற்றி அந்த உயரத்தில் நின்றிருந்தால், முதலில் செத்திருக்க வேண்டியவர் கேமராக்காரர். போர்முனைக்குப் பின்னால் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியில் நடிக்கவைத்து எடுத்தது என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு.

இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ படமே டுபாக்கூர். கட்டுரை முடிஞ்சுது மாமா!"

அப்படி முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்தப் படத்தில் நடித்து எடுத்த பகுதி மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல் என்ற இரண்டு கேமராக்காரர்கள் களத்தில் நின்று எடுத்தவை. 1916 ஜூலை 1 காலை 7.20க்கு ஹாதார்ன் மேட்டின் அடியில் புதைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. ஏறக்குறைய 18 டன். மேடே எழுந்து வானத்துக்குப் போகிறது. அது நிஜம். மாலின்ஸ் அதற்காகக் காத்து நின்று சுற்றியது.

அதற்குப் பிறகு ஒரு ஷாட் வருகிறது. அதை நான் வகுப்பில் ஒரு நாளும் காட்டியதில்லை. தூரத்துச் சரிவில் எறும்பு மாதிரிச் சில புள்ளிகள் நகர்கின்றன. யார், எங்கே போகிறார்கள், யார் விழுந்தார்கள், ஒன்றும் புரியாது. அதுதான் நிஜமான தாக்குதல். பிரிட்டிஷ் ராணுவத்தில் அன்று ஒரே நாளில் இறந்தவர்கள் 19,240 பேர்; காயம்பட்டவர்களையும் காணாமல்போனவர்களையும் சேர்த்தால் 57,470. அந்தப் புள்ளிகளில் சிலர் அந்தக் கணக்கில் இருக்கலாம்.

அவளுடைய நோட்டில் ஏற்கெனவே இருந்தது: 'குளோசப் உணர்ச்சியைத் தரும், லாங் ஷாட் சூழலைத் தரும்.' பாடப்புத்தக வாய்ப்பாடு. நானும் இந்த மாதிரி எழுதியவர்களுக்கு மார்க் போட்டவன்தான். இங்கே அது உதவாது. தோட்டா பறக்கிற இடத்தில் கேமராக்காரர் அடக்கமான பள்ளத்திலிருந்து தூரத்தில்தான் எடுக்க முடியும். பக்கத்திலிருந்து, முழு உருவத்தோடு, சரியான கோணத்தில் சாவு கிடைத்துவிட்டது என்றாலே சந்தேகப்பட வேண்டும். "உத்தியோட பேரை அப்புறம் எழுது. கேமரா எங்க நின்னுச்சுன்னு முதல்ல எழுது" என்றேன்.

ஆகஸ்ட் 21இல் லண்டனில் மட்டும் 34 அரங்குகளில் படம் வெளியானது. சண்டை அப்போதும் முடிந்திருக்கவில்லை. நவம்பர் வரை இழுத்தது. முதல் ஆறு வாரத்தில் இரண்டு கோடிப் பேர் பார்த்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. பிரிட்டன் மக்கள்தொகையில் கிட்டத்தட்டப் பாதி. மகன் களத்தில் இருக்க, தாய் அரங்கில் இருந்தாள். நாவலாசிரியர் ரைடர் ஹாக்கார்ட் படம் பார்த்துவிட்டு நாட்குறிப்பு எழுதினார். அவரை அதிகம் உலுக்கிய காட்சி எது தெரியுமா? குழியின் விளிம்பில் அடிபட்டு வழுக்கி விழுந்தவன். என் வகுப்பு மாணவர்களை உலுக்கியதும் அவன்தான். நடித்தவன்.

டர்ஹம் தேவாலயத்தின் டீன் ஹென்ஸ்லி ஹென்சன், வீரர்களின் சாவைப் பொழுதுபோக்காக்குவதா என்று டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். அவருக்குப் பதில் எழுதியவர்களில் நெருங்கிய உறவினரைப் போரில் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் பட்டது என்னவென்று பார்க்கத்தான் போனோம் என்ற தொனியில். அவர்களிடம் போய், நீங்கள் பார்த்தது ஒத்திகை என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருக்காது. ஆனால் அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அரசாங்கம் போருக்கு ஆதரவு திரட்டியது என்பதையும் விட்டுவிட முடியாது.

பொய் வேறொரு இடத்திலும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. மாலின்ஸ் நின்றது போமோன்-ஹாமெல் பக்கம். அங்கே தாக்குதல் படுதோல்வி. அந்த ஊரைப் பிடிக்க நவம்பர் ஆனது. மெக்டவல் நின்றது தெற்கே, மமெட்ஸ், ஃப்ரிகூர் பக்கம். மமெட்ஸ் முதல் நாளே கைக்கு வந்தது. சரணடைந்த ஜெர்மானியர்கள், பிடிபட்ட குழிகள் எல்லாம் அவருடைய சுருளில் கிடைத்தன. இரண்டையும் ஒட்டும்போது மாலின்ஸ் எடுத்த தொடக்கத்துக்கு மெக்டவல் எடுத்த முடிவு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு ஷாட்டும் நிஜம், ஆனால் படத்தைப் பார்த்தால் ஜெயித்த மாதிரி இருக்கும். ஒரு ஷாட் பொய் என்று கண்டுபிடிக்கக் கால் மேல் கால் போட்டவன் போதும். இதைக் கண்டுபிடிக்க வரைபடம் வேண்டும். அன்று மதியம் முழுக்க அவளும் நானும் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அக்கா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள்.

கடைசியில் நாங்கள் நின்றது ஒரு பள்ளப் பாதையில். இரு தரப்புக் குழிகளுக்கும் நடுவே, மேட்டை வெட்டிப்போன ஒரு வண்டித்தடம். லங்காஷயர் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவினர் அங்கே உட்கார்ந்து 7.30க்காகக் காத்திருக்கிறார்கள். மாலின்ஸ் அன்று விடியற்காலையில் அங்கே போய் எடுத்தது இது. இடமும் ஆட்களும் உறுதிப்படுத்தப்பட்டவை. யாரும் ஓடவில்லை, விழவில்லை. ஒருவன் சிரிக்கிறான். ஒருவன் கேமராவையே வெறித்துப் பார்க்கிறான். கொஞ்ச நேரத்தில் மேலேறி வெளியே வந்ததும் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களில் பலரைச் சாய்த்துவிட்டன.

"இதை ஏன் மாமா கிளாஸ்ல காட்டல?"

"இதுல ஒண்ணும் நடக்கலையேம்மா, அதான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் குளோசப் பற்றி எழுதியிருந்ததை அடித்தாள். அந்த வெறித்துப் பார்க்கிறவனிடம் மறுபடி ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.