மொட்டை மாடித் தூய்மையும் டெங்கு தடுப்பும்: நோயாளிகள், பராமரிப்பாளர்களுக்கான வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்கு டெங்கு காய்ச்சல் உறுதியானவுடன் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, "எங்கள் தெருவில் சாக்கடை தேங்கவில்லை, குப்பையும் இல்லை. பிறகு எப்படி வந்தது?" என்பதாகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. சுத்தமான, அசையாத நீரிலேயே அது முட்டையிடுகிறது. அத்தகைய நீர் பெரும்பாலும் வீட்டிற்குள்ளும், நாம் அன்றாடம் ஏறிப் பார்க்காத மொட்டை மாடியிலும் தேங்கி நிற்கிறது.

பூந்தமல்லி வட்டத்தைச் சேர்ந்த காட்டுப்பாக்கம், அதனைச் சூழ்ந்த போரூர், ஐயப்பன்தாங்கல் போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் தனி வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரு மாடியில் தேங்கும் நீர் அண்டை வீடுகளையும் பாதிக்கும். மாடியை எவ்வாறு, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை தூய்மை செய்ய வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மாடிக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு

சென்னைப் பகுதி ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டதை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெறுகிறது. அக்காலத்தில் மாடியில் கிடக்கும் பழைய வாளி, உடைந்த பூந்தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகிய அனைத்திலும் நீர் சேர்கிறது. கோடையிலும் ஆபத்து நீங்குவதில்லை. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட ஏரிகள் வறண்டபோது, மக்கள் லாரி நீரைப் பீப்பாய்களிலும் குடங்களிலும் பல நாட்களுக்குச் சேமிக்க நேர்ந்தது. மூடப்படாத சேமிப்பு நீர் ஏடிஸ் கொசுவுக்கு உகந்த இடமாகும்.

டெங்குவுடன் சிக்குன்குனியாவையும் ஏடிஸ் கொசுவே பரப்புகிறது. நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவோ மூடியில்லாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகுகிறது. ஏடிஸ் பகலில் கடிக்கும். அனாபிலிஸ் இரவில் கடிக்கும். மாடியைப் பேணுவதன் மூலம் இவ்விரண்டையும் கட்டுப்படுத்தலாம்.

நீரைக் கொட்டினால் மட்டும் ஏன் போதாது?

பெண் ஏடிஸ் கொசு, பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரமான பகுதியில் முட்டைகளை ஒட்ட வைக்கிறது. ஒருமுறை இடும் முட்டைகள் ஏறத்தாழ 100 வரை இருக்கலாம். அவை கருமையான சிறு புள்ளிகளாக இருப்பதால் அழுக்கு என்றே தோன்றும். நீரைக் கொட்டினாலும் முட்டைகள் சுவரிலேயே ஒட்டியிருக்கும். பாத்திரம் காய்ந்த நிலையிலும் அவை பல மாதங்கள் உயிருடன் இருக்க வல்லவை. அடுத்த மழையில் நீர் அவற்றைத் தொட்டவுடன் புழுக்கள் வெளிவரும். சென்ற ஆண்டு மாடி மூலையில் கவிழ்க்காமல் விட்ட வாளி இவ்வாண்டு மழையில் கொசுவை உருவாக்குவது இவ்வாறே.

ஆகவே, உட்சுவரை நார் அல்லது பிரஷ் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுவதே தூய்மைப் பணியின் இன்றியமையாத பகுதியாகும்.

நமது வெப்பநிலையில் முட்டையிலிருந்து பறக்கும் கொசு உருவாக 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே 7 நாட்களுக்கு ஒருமுறை நீரை அகற்றித் தேய்த்தால், புழு கொசுவாக மாறும் முன்பே அழிந்துவிடும். இரு வாரங்களுக்கு ஒருமுறை செய்தால் அதற்குள் ஒரு தலைமுறைக் கொசுக்கள் பறந்துவிடும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளைத் தேர்ந்து, அந்நாளைத் தவறவிடாமல் இருப்பதே சிறந்தது.

மாடியில் பார்க்க வேண்டிய இடங்கள்

* மேல்நிலைத் தொட்டியின் மூடி, விளிம்பு, வழிந்தோடும் குழாயின் வாய்
* தொட்டிக்கு அடியிலும் குழாய் இணைப்புகளிலும் கசிந்து தேங்கும் நீர்
* மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருக்கும் சருகு, மண், நெகிழிப் பைகள்
* தரை தாழ்ந்துள்ள மூலைகள், பெயர்ந்த தட்டோடுகளின் இடைவெளி
* படிக்கட்டு அறையின் கூரை, சன்ஷேட் ஆகியவற்றின் மேற்பரப்பு
* பூந்தொட்டிகளின் அடித்தட்டுகள், பறவைகளுக்கு நீர் வைக்கும் கிண்ணங்கள்
* தார்ப்பாய் மடிப்புகள், பழைய டயர், உரல், பெயின்ட் டப்பா, பயன்படுத்தாத கழிப்பறைப் பீங்கான்
* கட்டுமானப் பணி நடைபெறும் வீடுகளில் சிமென்ட் கலவைத் தொட்டி, நீர்ப் பீப்பாய், நீராற்றுவதற்காகத் தளத்தில் தேக்கிய நீர்

ஒரு புட்டி மூடியளவு நீரும் கொசு முட்டையிடப் போதுமானது.

வாராந்திரத் தூய்மை: செய்முறை

1. காலை வெயில் ஏறுவதற்கு முன் பணியைத் தொடங்கவும். முழுக்கைச் சட்டையும் வழுக்காத காலணியும் அணியவும்.
2. பயனற்ற பொருட்களை முதலில் கீழே இறக்கி அப்புறப்படுத்தவும். பின்னர் பயன்படும் என்று வைத்திருப்பவற்றைக் கூரையுள்ள இடத்தில் கவிழ்த்து வைக்கவும்.
3. சருகையும் மண்ணையும் கூட்டி அள்ளிப் பையில் கட்டவும். மழைநீர்க் குழாய்க்குள் தள்ளிவிடக் கூடாது.
4. தேங்கிய நீரைக் காய்ந்த தரையில் கொட்டவும். கழிவுநீர்க் கால்வாயில் கொட்டினால் புழுக்கள் அங்கே பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.
5. பாத்திரங்கள், அடித்தட்டுகள், பீப்பாய்களின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தவும்.
6. மழைநீர்க் குழாயில் ஒரு வாளி நீர் ஊற்றி, அது தடையின்றி வெளியேறுகிறதா எனப் பார்க்கவும்.
7. நீர் தேங்கும் தாழ்வான இடத்தைக் குறித்துக்கொண்டு, மழைக்காலத்திற்கு முன் சிமென்ட் பூசிச் சரிசெய்யவும்.

சிறிய மாடிக்கு இப்பணி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடி பொதுவானது என்பதால், பொறுப்பாளர் ஒருவரையும் நாளையும் நலச்சங்கம் முடிவு செய்து அறிவிப்பது அவசியம்.

மேல்நிலைத் தொட்டி

தொட்டியின் மூடி இடைவெளியின்றிப் பொருந்தியிருக்க வேண்டும். உடைந்த மூடிக்கு மாற்று கிடைக்கும் வரை நெருக்கமான வலையோ பருத்தித் துணியோ இறுகக் கட்டலாம். துணி தொய்ந்து அதன்மேல் நீர் தேங்காதவாறு பார்க்கவும். வழிந்தோடும் குழாயின் வாயையும் வலையால் மூடவும். மூடியை வாரந்தோறும் சரிபார்த்து, தொட்டியை 6 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகக் கழுவவும்.

கழுவும்போது மோட்டாரை நிறுத்தி, தொட்டியில் உள்ள நீரை வடித்து, சுவரையும் அடிப்பகுதியையும் தேய்த்து, வண்டலை வெளியேற்றி, இருமுறை அலசவும். நீர் நிரப்பிய பின் 1000 லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சில நிமிடங்கள் தெளியவிடவும். அடியில் படியும் சுண்ணாம்பை நீக்கி, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றவும். ஒரு மணி நேரத்திற்குப் பின் நீரைப் பயன்படுத்தலாம். குடிநீரைக் காய்ச்சிப் பருகுவது நல்லது.

மழைநீர் சேகரிப்பும் பிற நன்மைகளும்

தமிழ்நாட்டில் அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. 1000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் நீர் விழுகிறது. தூய்மையற்ற மாடியிலிருந்து அந்நீர் தூசியையும் பறவை எச்சத்தையும் கிணற்றுக்குள் கொண்டு செல்லும். பருவத்தின் முதல் மழைநீரை வெளியேற்றிவிட்டு அதன் பின்னரே சேகரிக்கவும். வடிகட்டித் தொட்டியில் நீர் தேங்கினால் அதுவும் கொசு உற்பத்தி இடமாகும். அதனை வலையால் மூடவும்.

மாடியில் நீர் தேங்காதிருந்தால் கூரை கசிவதும் சுவரில் பூஞ்சை படர்வதும் குறையும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது குறிப்பிடத்தக்க நன்மையாகும்.

கவனத்துடன் கையாள வேண்டியவை

*புறா எச்சம்:* காய்ந்த எச்சத்தைக் கூட்டினால் எழும் தூசி நுரையீரல் ஒவ்வாமையையும் சில தொற்றுகளையும் உண்டாக்கும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, நீர் தெளித்து நன்கு நனைத்த பின் அள்ளவும். ஆஸ்துமா நோயாளிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் இப்பணியைத் தவிர்க்கவும்.

*பாசி:* ஈரப் பாசியின் மீது நடக்கக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்த பின்னரே அடுத்த இடத்திற்கு நகரவும்.

*கல்நார்த் தகட்டுக் கூரை:* ஆஸ்பெஸ்டாஸ் தகடு எடை தாங்காமல் உடையக்கூடியது. அதன்மேல் ஏறக் கூடாது. உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ உடைத்தாலோ வெளிப்படும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குத் தீங்கானவை. ஏணியில் நின்று, தகட்டை நனைத்து, சருகுகளை மட்டும் மெதுவாக அகற்றவும்.

*பொதுப் பாதுகாப்பு:* கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலும், மின்கம்பி தாழ்வாகச் செல்லும் இடத்திலும் பயிற்சி பெற்ற பணியாளரை அமர்த்தவும். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய தொட்டிக்குள் எவரும் தனியாக இறங்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரை ஆசிட் அல்லது கழிப்பறைத் தூய்மிப்பானுடன் கலந்தால் நச்சுவாயு வெளிப்படும். ஒருபோதும் கலக்கக் கூடாது. மழை, இடி நேரத்தில் மாடிக்குச் செல்வதைத் தவிர்க்கவும். கர்ப்பிணிகள், முதியோர், தலைசுற்றல் உள்ளவர்கள், காய்ச்சலிலிருந்து தேறி வருபவர்கள் இப்பணியைப் பிறரிடம் ஒப்படைக்கவும்.

வீட்டில் டெங்கு நோயாளி இருந்தால்

டெங்கு தொடுவதால் பரவாது. காய்ச்சல் தொடங்கிய முதல் 5 நாட்களில் நோயாளியைக் கடிக்கும் கொசு கிருமியைப் பெறுகிறது. ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களுக்குப் பின் பிறருக்குப் பரப்பத் தொடங்குகிறது. ஆகவே நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் இருக்கச் செய்ய வேண்டும். காய்ச்சல் கண்ட அன்றே குடும்பத்தில் ஒருவர் மாடியையும் வீட்டையும் ஆய்வு செய்ய வேண்டும். உடன் வாழும் குழந்தைகளையும் அண்டை வீட்டாரையும் காக்க இதுவே தக்க தருணம்.

காய்ச்சலுக்கு மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கவும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவை இரத்தக் கசிவை அதிகரிக்கக்கூடும் என்பதால் தவிர்க்கவும். ஓ.ஆர்.எஸ். கரைசல், கஞ்சி, இளநீர் ஆகியவற்றை அடிக்கடி அளிக்கவும்.

3 முதல் 7 ஆம் நாளுக்குள் காய்ச்சல் தணியும்போது நோய் நீங்கிவிட்டதாகக் கருத வேண்டாம். அபாயக் கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. பின்வருவனவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்:

* கடுமையான வயிற்று வலி, தொடர் வாந்தி
* ஈறு, மூக்கில் இரத்தக் கசிவு, கருமையான மலம்
* மிகுந்த சோர்வு, அமைதியின்மை, மயக்கம்
* கை கால் சில்லிடுதல், மூச்சுத் திணறல்
* 6 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்களை அழைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*புகை மருந்து அடித்தால் மாடியைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லையா?*
புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். முட்டையும் புழுவும் எஞ்சியிருப்பதால் ஒரே வாரத்தில் புதிய கொசுக்கள் தோன்றும்.

*தொட்டியில் பிளீச்சிங் பவுடர் இட்டால் கொசுப்புழு இறந்துவிடுமா?*
குடிநீரைத் தூய்மையாக்கும் அளவு புழுவைக் கொல்லாது. மூடியும் தேய்த்துக் கழுவுதலுமே தீர்வு. கொசுப்புழு ஒழிப்பு மருந்தைப் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் உரிய அளவில் ஊற்றுவர். தாமாக ஊற்ற வேண்டாம்.

*அண்டை வீட்டு மாடியில் நீர் தேங்கினால் என்ன செய்வது?*
ஏடிஸ் கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்வதால், தங்கள் கவலை நியாயமானதே. முதலில் அவர்களிடம் எடுத்துரைக்கவும். பூட்டிக் கிடக்கும் வீடாயின் உள்ளாட்சி அமைப்பிற்கோ சுகாதார ஆய்வாளருக்கோ தெரிவிக்கவும். கொசு உற்பத்தியாகும் வகையில் நீர் தேங்க விடுவதை 1939 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் தடை செய்கிறது.

*களப்பணியாளர்கள் மாடியைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அனுமதிக்க வேண்டுமா?*
ஆம். அடையாள அட்டையைச் சரிபார்த்து அனுமதிக்கவும். புழு கண்டறியப்பட்டால் அவ்விடத்தைக் கேட்டறிந்து, அவர்கள் முன்னிலையிலேயே அகற்றவும்.

நினைவில் கொள்க

வாரம் ஒரு நாள் மாடிக்கு ஏறவும், தேங்கிய நீரைக் கொட்டவும், உட்சுவரைத் தேய்க்கவும், தொட்டியை மூடவும். காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் தாமாக மருந்து வாங்கி உட்கொள்ளாமல், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்.