பாரிசு சென்ற தமிழ்ப்பாட்டு

நம் வட்டத்தின் மாலைக் கூட்டம் ஒன்றில், வழக்கமான கவிதை வாசிப்புக்கு மாற்றாகப் பிரெஞ்சு அறையிசைப் பதிவுகள் சிலவற்றைக் கேட்டோம். வயலின், செல்லோ, பியானோ ஆகியவை இணைந்தொலிக்கும் இசை அது. கேட்டு முடிந்ததும் அன்பர் ஒருவர், "தாடிக்கொம்பில் அமர்ந்து நாம் இதைக் கேட்பதற்கு என்ன உறவு இருக்கிறது?" என்று வினவினார். நியாயமான வினா. அன்று விடை கூற இயலவில்லை. பத்தாண்டு நிறைவு மலரில் அக்கடனைத் தீர்க்க முயல்கிறேன்.

அறையிசை பேரவைக்கு உரியதன்று. மூவர், நால்வர், ஐவர் என ஒரு சிலர் கூடி, தாளம் காட்டி நடத்துவார் எவருமின்றி, ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து வாசிப்பது. அவ்வகையில் நம் கச்சேரி மேடைக்கு அது நெருங்கியதே. ஆயினும் நம் மேடையில் மனோதர்மம் ஆளும். அங்கோ ஒவ்வொரு சுரமும் முன்னரே ஏட்டில் எழுதப்பட்டுவிடும்.

பிரஷ்யப் போரில் பிரான்சு தோல்வியுற்ற 1871-ஆம் ஆண்டிலேயே, தம் நாட்டுப் புத்திசை வளர வேண்டுமெனப் பாரிசில் தேசிய இசைச் சங்கம் தோன்றியது. டெபுஸியின் நரம்பிசை நால்வர் படைப்பு 1893-இல் அச்சங்கத்தின் மேடையில்தான் அரங்கேறியது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1889-இன் பாரிசு உலகக் கண்காட்சியில், டெபுஸி சாவகத் தீவின் கமெலான் இசையைக் கேட்டு வியந்திருந்தார். கீழ்த்திசையை நோக்கி அந்நாட்டு இசைவாணர் செவி திறந்திருந்த காலம் அது.

அன்று நாம் கேட்டவற்றுள் ராவெல் 1914-இல் இயற்றிய மூவரிசை ஒன்று. அதன் இரண்டாம் பகுதிக்கு அவர் இட்ட பெயர் 'பாந்தூம்'. இது மலாய் மொழியின் 'பந்துன்' என்னும் பாவகையிலிருந்து பிரெஞ்சுக் கவிஞர் எடுத்தாண்ட வடிவம். ஒரு செய்யுளின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த செய்யுளின் முதலாம், மூன்றாம் அடிகளாகத் திரும்பி வரும். நமக்கு இது புதிதன்று. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதியைக் காரைக்கால் அம்மையார் காலந்தொட்டு அறிந்தவர் நாம். ஒரு பாவகை கடல் கடந்து, மொழி துறந்து, மூன்று கருவிகளின் பேச்சாக மாறியிருப்பதை ராவெலிடம் காண்கிறோம். ஆயின் தமிழோடு நேரடித் தொடர்புடையவர் ராவெல் அல்லர். அவருடைய மாணவர் மோரிஸ் டெலாஜ் (1879–1961).

டெலாஜ் 1912-இல் பெற்றோருடன் இந்தியாவுக்கு வந்தார். அப்பயணத்தின் பயனாக 'நான்கு இந்தியக் கவிதைகள்' என்னும் தொகுதியை இயற்றினார். பாட்டுக்குத் துணையாகக் குழல் முதலிய காற்றுக் கருவிகளும், யாழும், நரம்பிசை நால்வரும் அமைந்தனர். சென்னை, லாகூர், காசி, செய்ப்பூர் என நான்கு பாட்டுக்கும் நான்கு நகரப் பெயர்கள். லாகூர்ப் பாட்டின் தொடக்கத்தில் செல்லோ வில்லை விடுத்து விரலால் மீட்டி, சுரத்தை வழுக்கி இழுக்கிறது. சுர்பஹார், சிதார் கலைஞர் இம்தாத் கானின் இசைத்தட்டு அதற்கு முன்மாதிரி என்பர் ஆய்வாளர். பாரிசில் 1914 சனவரி 14 அன்று இத்தொகுதி அரங்கேறிய அதே நிகழ்ச்சியில் ராவெலின் மல்லார்மே பாடல்களும், ஸ்ட்ராவின்ஸ்கியின் சப்பானியப் பாடல்களும் இடம்பெற்றன.

சென்னையின் பெயர் தாங்கிய பாட்டின் சொற்கள் வடமொழிப் பர்த்ருஹரியின் பாடல் ஒன்றின் மொழிபெயர்ப்பு. தமிழ்நகரின் பெயர் இருந்தும் தமிழ் இல்லை. அக்குறையைத் தீர்த்தது அவருடைய மற்றொரு படைப்பு. 'இராகமாலிகை' என்று நம் சொல்லையே தலைப்பாகவும், 'தமிழ்ப்பாட்டு' என்பதைத் துணைத்தலைப்பாகவும் கொண்டு, குரலுக்கும் பியானோவுக்கும் அமைந்தது அது. அதன் மூலம் கோயமுத்தூர் தாயி பாடிய ஓர் இசைத்தட்டு. பாடப்பட்டது இராமலிங்க அடிகளின் அருட்பா.

தாயி (1872–1917) தேவரடியார் மரபில் வந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைத்தட்டுப் பதிவில் பெரும்புகழ் பெற்ற குரல்களுள் ஒன்று அவருடையது. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். அந்தச் சிற்றெல்லைக்குள் அவர் செய்த கமகங்களையும் குரல் நெளிவுகளையும் மொழியறியாத ஒருவர் மீண்டும் மீண்டும் கேட்டு ஏட்டில் எழுத முயன்றார். இதில் இடர் உண்டு. பியானோவின் கட்டைகள் நிலைத்த சுரங்களை மட்டுமே தரும்; இரு சுரங்களுக்கு இடைப்பட்ட வழியில் நம் இராகம் உயிர்த்திருக்கும். டெலாஜ் இதற்கு ஓர் உபாயம் கண்டார். மந்தரத் தாயியின் ஒரு சுரத்துக்குரிய தந்திகளுக்கடியில் அட்டைத் துண்டொன்றைச் செருகச் சொன்னார். ஓசை மட்டுப்பட்டு நம் தோற்கருவியின் சாயல் பெற்றது. பியானோவின் உள்ளே பிற பொருள்களை வைத்து அதன் ஒலியை மாற்றும் முறைக்கு இதனை மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இசை வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

இதனைக் கொண்டு, "பாரிசுக்கு இசை கற்பித்தவர் நாம்" என்று மார்தட்டுதல் தகாது. அருட்பாவின் பொருள் அங்குச் செல்லவில்லை. ஒலி மட்டுமே சென்றது. அழுது உருகிய அடியவரின் விண்ணப்பம் அங்கே அயல்நாட்டு நறுமணமாக நுகரப்பட்டது எனினும் தவறில்லை. ஆயினும் ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலில் உள்ள நுட்பத்தைத் தம் கருவியையே திருத்திக்கொள்ளும் அளவுக்கு ஒருவர் கூர்ந்து கேட்டார் என்பதை மறுக்கவியலாது.

நம் நாட்டில் நிகழ்ந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் அச்சேறியபோது, அவை அருட்பாவா மருட்பாவா என வழக்காடியவர் நாம். அதனைப் பாடிய தாயியின் மரபினரைப் பிற்காலத்தில் மேடையிலிருந்தும் நினைவிலிருந்தும் அகற்றியவர்களும் நாமே. டெலாஜின் பெயர் இசைக் களஞ்சியங்களில் உள்ளது; தாயியின் பெயரைக் கொங்குநாட்டிலேயே எத்தனை பேர் அறிவர்?

நம்மூர்ச் சௌந்தரராசப் பெருமாள் கோயிலுக்கு வருவோர் மண்டபத்து இரதியையும் மன்மதனையும் வியந்து நிற்கின்றனர். உளி பிடித்தவர் யாரென எவரும் கேட்பதில்லை. கல்லுக்கு அது தாங்கும், குரலுக்குத் தாங்காது. பதிவு செய்யாத குரல் பாடியவருடன் போய்விடும். பெயர் எழுதாத பதிவோ யாருடையதும் அன்றாகிவிடும்.

அன்பரின் வினாவுக்கு இதுவே என் விடை. அந்த மாலையில் நாம் கேட்ட அயலிசையின் ஒரு மூலையில் நம் அருட்பா இருந்தது; நாம் அறிந்திருக்கவில்லை. வரும் ஆண்டுகளில் திண்டுக்கல் வட்டாரத்தில் திருமுறை ஓதுவோர், தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் ஆகியோரின் இசைவு பெற்று, அவர்தம் குரலைப் பெயரோடும் ஊரோடும் நாளோடும் நம் வட்டம் பதிந்து வைக்குமாயின், அடுத்த மலரில் எழுதுவோர்க்கு வெளிநாட்டு ஆய்வேட்டில் நம்மைத் தேட வேண்டிய நிலை நேராது.